நிலத்துக்கு ஓரம் தைத்தவளுக்கு

ஏட்டி, இன்று காலை மொட்டை மாடிக் கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாசம் முகத்தில் அடித்தது. மிளகாய் காயப்போட என் மகள் விரித்திருந்த பழைய கோணிச் சாக்கை ராத்திரித் தூறல் நன்றாக ஊற வைத்துவிட்டது. "இதைத் தூக்கிப் போடும்மா, நாறுது" என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நாறுதாம்! இந்த வாசத்தோடு நீயும் நானும் ஒரு ஆனி மாதம் முழுக்க இதே மாடியில் குடித்தனம் நடத்தியது அவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? சாக்கைப் பிழிந்து கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எழுதினால் உனக்கு எட்டவா போகிறது என்று தெரியும். பரவாயில்லை, இருக்கும்போதும் நான் சொன்னதை நீ எங்கே காதில் வாங்கினாய்.

கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைனில் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தோம். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் வேலையோடு ஓசூருக்கு வந்து சேர்ந்தவள். நீ சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர்க்காரி. லைன் லீடரிடம் கன்னடம், டீ கொண்டுவருகிறவரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், எல்லாம் ஒரே மூச்சில் பேசுவாய். முதல் நாளே என் பெயரைக் கேட்டுவிட்டு, அது நீளமாக இருக்கிறதென்று, "ஏம்மே கோயில்பட்டி" என்று வைத்துவிட்டாய். கடைசி வரைக்கும் அதுதான் என் பெயர். எங்கள் சாப்பாட்டில் இத்தனை உறைப்பா என்று திட்டிக்கொண்டே என் டிபன் பாக்ஸைக் காலி செய்தவளும் நீதான்.

உனக்கு ஒரு ஏக்கர் இருந்தது. அடுத்தவர் நிலத்திலேயே வேலை செய்து பிழைத்த குடும்பத்தில், உன் அப்பா முதல்முதலாகத் தன் பெயருக்கு வாங்கிய நிலம் அது. கல் பொறுக்கியே அவருக்கு முதுகு வளைந்துபோனது என்பாய். அந்த நிலத்துக்குப் பக்கத்து இடத்தை யாரோ வாங்கி, ஷெட் போடுவதற்காக ஜேசிபி வைத்து மட்டமாக வெட்டிவிட்டார்கள். உன் நிலம் அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சரிவாக நின்றது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு முழம் போனது. ஒருநாள் கேன்டீனில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். "நேத்து மழைல ஒரு மாதுளைச் செடி கீழ போயிடுச்சிமே. அவன் இடத்துல போயி நிக்குது, பூவோட" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். கண் மட்டும் வீங்கியிருந்தது.

மிச்சமும் கரைந்து போவதற்குள் விற்றுவிடலாம் என்று உன் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்திருந்தார். அதிகம் பேசாத மனிதர், பேசினால் மாற்றமாட்டார். அவரிடம் நீ கேட்டு வாங்கியது ஒரே ஒரு வாக்கு. "மழை தாண்டட்டும். ஓரம் நின்னுச்சுன்னா விக்கிற பேச்சு எடுக்கக் கூடாது. நிக்கலைன்னா நானே கையெழுத்துப் போடறேன்." அவரும் சரி என்றுவிட்டார். இதை என்னிடம் வந்து சொன்னாய். எங்கள் ஊர் கரிசல் மண், வெயிலில் வெடிக்கும், மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். ஓடுகிற மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

நீ என்ன செய்தாய்? கம்பெனியில் ஒரு தையல் பிசகினால் ஐந்து தடவை 'ஏன்' கேட்டுத் தாளில் எழுதச் சொல்வார்களே, அதை எடுத்தாய். மண் ஏன் போகிறது? தண்ணி இழுக்கிறது. ஏன் இழுக்கிறது? வேகமாக வருகிறது. ஏன் வேகம்? குறுக்கே ஒன்றுமில்லை. ஏன் ஒன்றுமில்லை? வெட்டிவிட்டார்கள். ஏன் வெட்டினார்கள்? அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "நான் கம்முனு இருந்தேன்" என்று எழுதினாய். பிறகு தாளை மடித்து என் பக்கம் தள்ளி, "இனிமே கம்முனு இருக்கப்போறதில்ல, நீ ஒண்ணு சொல்லு" என்றாய்.

நான் யோசித்தெல்லாம் சொல்லவில்லை. அன்று கையில் இருந்தது சீட்டின் ஓரத்தில் வருகிற பைப்பிங். துணியைக் குழாய் மாதிரி மடித்து, உள்ளே கயிறு வைத்து, விளிம்போடு சேர்த்துத் தைப்போமே, அது. "துணி ஓரம் அடங்கி நிக்க இதை வைக்கிறோம்ல, உன் நிலத்துக்கும் வச்சுத் தைப்போம்" என்று விளையாட்டாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாய், சாக்கு வாங்கப் போகலாம் என்று.

அந்த ஆனி மாதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் வீட்டுத் தையல் மெஷினில் சாக்கைக் குழாய் குழாயாகத் தைத்தோம். ஊசி ஒடிந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்குச் சாம்பிள் தைத்து, மண்ணும் எருவும் திணித்து, தகரத்தைச் சாய்த்து வைத்து, மேலே மண் கொட்டி, மக்கில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். குழாய்க்கு அந்தப் பக்கம் தெளிந்த தண்ணீர் வந்ததும் நீ என் மாடியிலேயே குதித்தாய். கீழ் வீட்டுக்காரம்மா மேலே வந்து, என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டார். "மழை பெஞ்சு பாக்கறோங்க்கா" என்றாய். அந்தம்மா அதன்பிறகு நம் இருவரையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

சாக்கு ஒரு வருடத்தில் மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்து மண்ணைக் கட்ட வேண்டும், அதனால் உள்ளே கொள்ளு போடுவது என்று பேசி வைத்திருந்தோம். விதையை எருவோடு கலந்து மூட்டை கட்டிக் கொண்டுவருவது என் பொறுப்பு. நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே! மாடியில் ஒரு தட்டில் கேப்பை விதைத்துப் பார்த்தேன். நீங்கள் ராகி என்கிறீர்களே, அதுதான். தலைமுடி மாதிரி அடர்த்தியாக முளைத்தது, வேரும் அப்படியே. கொள்ளைவிட இது உசத்தி என்று நானே முடிவுகட்டி, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மூட்டை மூட்டையாகக் கேப்பையைக் கலந்துவிட்டேன். ஆடி பிறந்ததும் மூன்று வரிசை மேலே நிலத்தின் விளிம்பையொட்டியும், இரண்டு வரிசை கீழே சரிவிலும் வைத்தோம்.

பத்து நாளில் பச்சைக் கோடு போட்டதுபோல் முளைத்து நின்றது. நான் பெருமையாக இடுப்பில் கை வைத்து நின்றேன். நீ குனிந்து ஒரு தாளைக் கிள்ளிப் பார்த்தாய். "இது என்னா?" "கேப்பை." அவ்வளவுதான், மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாய். "அய்யோ தேவரே, கடவுளே! காட்டு ஓரத்துல, யானை வர்ற தடத்துல, ராகி வச்சு வரப்பு கட்டியிருக்கா இவ! ஒரு பத்திரிகையும் அடிச்சு அனுப்பியிருந்தா குடும்பத்தோட வந்திருக்குமே!" சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே என் மெஷினில் ஒரு கடலை மிட்டாயை வைத்து, "பிடுங்க வேணாம்மே, வேரு நல்லா ஓடியிருக்குது. கதிரு வரதுக்குள்ள அறுத்துடலாம்" என்றாய்.

அறுத்தோமா? கதிர் வருகிற வாரத்தில்தான் கம்பெனியில் ஆடிட் வந்தது. ஓவர்டைம், ஞாயிறும் வேலை. அடுத்த ஞாயிறு காலை நான் பல்கூடத் துலக்கவில்லை, உன் போன் வந்தது. "கோயில்பட்டி, உன் விருந்தாளிங்க வந்துட்டுப் போயிட்டாங்க."

பஸ்ஸில் வரும்போதே எனக்கு அழுகை. மேலே மூன்று வரிசையிலும் ஒரு கதிர் இல்லை. அண்டா வைத்த மாதிரி வட்ட வட்டமாகக் காலடி, அதற்குள் நம் சாக்குக் குழாய்கள் நசுங்கி மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. கீழே இருந்த இரண்டு வரிசை மட்டும் தொடாமல் அழகாக நின்றது. உன் வீட்டுக்காரர் காலடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "என்னாலதான்டி உன் நிலம் போகப் போவுது" என்று ஓவென்று அழுதேன். நீ கூடையை எடுத்துக்கொண்டு யானைச் சாணத்தை அள்ளிக்கொண்டிருந்தாய். "சும்மா இரும்மே. சாப்ட்டதுக்கு எரு குடுத்துட்டுத்தான் போயிருக்குது. மழை இன்னும் வரல, அதுக்குள்ள ஒப்பாரி வைக்காத."

நாலாம் நாள் வந்தது மழை. மூன்று நாள் விடவில்லை. கம்பெனி பஸ் ஜன்னலில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு நீ வாயே திறக்கவில்லை. ஒன்பது வருடத்தில் நீ பேசாமல் வந்தது அந்த மூன்று நாள்தான். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கேப்பை என்ற சொல்லே கசந்தது.

வெறித்ததும் ஓடினோம். யானை தொடாத கீழ் வரிசை இரண்டும், அந்த அழகான வரிசைகள், உருண்டு போய்ப் பக்கத்து இடத்துச் சேற்றில் கிடந்தன. மிதிபட்ட மேல் வரிசை மூன்றும் வைத்த இடத்தில் இருந்தன! அவற்றுக்குப் பின்னால் வண்டல் ஒரு சாண் உயரத்துக்குச் சேர்ந்திருந்தது. ஓரம் அப்படியே நின்றது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ குந்தி உட்கார்ந்து, குழாய்க்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாய். விரல் போகவில்லை.

"கீழ நாம சும்மா வச்சுட்டு வந்தோம். தண்ணி அடியில பூந்து உருட்டிக்கினு போயிடுச்சு. இங்க பூர வழியில்லமே. மிதிச்சு மண்ணுக்குள்ள உக்கார வச்சுட்டுப் போயிருக்குது" என்றாய். உன் வீட்டுக்காரரும் குனிந்து பார்த்தார். "சரி" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போனார். நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதாய், நான் ஒருத்தி அன்றைக்கு அழாமல் நின்றேன்.

அதன்பிறகு நமக்கு வேலை பிடிபட்டுவிட்டது. ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் பறிப்பது, குழாயை அதில் படுக்க வைப்பது, ஏறி நின்று மிதிப்பது, முளைக்குச்சி அடிப்பது. உள்ளே கொள்ளு, ஓரத்தில் வெட்டிவேர். மிதிக்கிற வேலையை என்னிடம் விட்டுவிட்டு, "நீ இருக்கும்போது யானை எதுக்கு" என்பாய், அடி பாவி. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர், மரத்தின் வேரெல்லாம் வெளியே தெரிகிறதென்று தேடி வந்தார், அவருக்கும் தைத்தோம். நம் சூப்பர்வைசர் ஒருநாள் செல்போனில் காட்டினார், வெளிநாட்டில் இதே மாதிரி வைக்கோல் உருளை செய்து விற்கிறார்களாம். நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு முகம் சுருங்கிப்போனது. நீ அசரவில்லை. "அவங்களும் சீட்டு தைக்கிறவங்களாத்தான் இருக்கும் சார்" என்றாய்.

தை மாதத்தில் நெஞ்சு வலி என்றாய், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உன் மெஷினில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். நல்ல பெண்தான், என் டிபன் பாக்ஸைத் தொடுவதே இல்லை.

அழுகையைவிட எனக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது, கேள். நீ இல்லாத நிலத்தை அவர் எதற்கு வைத்துக்கொள்வார்? போன வாரம் லைனில் ஒருத்தி, உங்கள் ஊரில் புரோக்கர் சுற்றுகிறான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். எனக்கென்ன உரிமை, நான் யார் கேட்பதற்கு என்று தெரிந்தும், வழி முழுக்கச் சண்டைக்கு வாக்கியம் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

உன் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி. ரெண்டாவது வரிசை இத்துப்போச்சு. சாக்கு எத்தினி முழம் வேணும்னு தெரியல, அவதான் அளப்பா" என்றார். சேர்த்து வைத்த வாக்கியத்தில் மிஞ்சியது ஒன்றுதான்.

"விக்கப்போறீங்கன்னு சொன்னாங்களே அண்ணா?"

"வந்தான் ஒருத்தன். அனுப்பிட்டேன். மழை தாண்டட்டும்னு அவகிட்ட வாக்கு குடுத்திருக்கேன்ல?"

"அது எந்தக் காலத்து மழை அண்ணா!"

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "எந்த வருசத்து மழைன்னு அவ சொல்லலியே" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் பள்ளத்தில் இறங்கினேன். பதினான்கு முழம் வேண்டும் என்று அளந்து வந்திருக்கிறேன். இந்த வாரம் தைத்துவிடுவேன். மேகம் கூடினால் லைனில் எல்லோரும் துணி எடுக்கணுமே, குடை இல்லையே என்று பதறுகிறார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கால் குறுகுறுக்கிறது, ஓடிப்போய் எதையாவது மிதித்து மண்ணில் உட்கார வைக்க வேண்டும் போல.