வெட்டிய ஸ்பிரிங்

அன்புள்ள லொரெட்டாவுக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? மாமாவின் இருமல் நின்றதா? கென்டக்கியில் பெருமழை என்று கேள்விப்பட்டேன். கூரை ஒழுகினால் நீயே ஏறாதே.

இங்கே மிச்சிகனில் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது, சாப்பாட்டால் அல்ல. பட்டறை முதலாளி ரஸ்ஸல் ஒரு பழைய செவெல் காருக்கு முன்பக்கம் புது ஸ்பிரிங் போடச் சொன்னார். போட்டு ஜாக்கியிலிருந்து இறக்கினேன். மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. இறக்கியதும் எந்த வண்டியும் அப்படித்தான் நிற்கும்.

"கொஞ்சம் ஓட்டிட்டு வந்தா தானா அமுங்கிடும்" என்றேன்.

"நாளைக்குக் கண்காட்சி. தவளை மாதிரி நிக்குது பாரு! ஸ்பிரிங்கை வெட்டுடா."

நான் மறுத்ததும் அவரே கேஸ் டார்ச்சால் ஒரு சுற்றை அறுத்தெடுத்தார். புது ஸ்பிரிங், லொரெட்டா!

மறுநாள் கண்காட்சியில் என்னைத்தான் ஓட்டச் சொன்னார். ஓட ஓட வண்டி இன்னும் அமுங்கி, ஒரு திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசி வெடித்தது. வேலியில் மெதுவாகத்தான் மோதினேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ரஸ்ஸல் ஓடி வந்து மட்கார்டைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இப்பதான்யா சரியான உயரம்!" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். தூ!

ரஸ்ஸல் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். என் கம்பளிச் சட்டையை அனுப்பு. அப்புறம், நீ உட்கார்ந்து உட்கார்ந்து நம் வண்டி உன் பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருக்கிறதே, அதை நிமிர்த்தித் தருகிறேன் என்று உன் தம்பி வருவான். தொடவிடாதே.

உன்,
வெர்னன்