எதிர் வீட்டு விசில்

மார்ச் 4
ஆராதனையில் போதகர் கேட்டார்: "அயலாரை நேசிக்கிறோம்னு சொல்றோமே, எதிர் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்னு தெரியுமா?" பலர் தலை குனிந்தார்கள். நான் குனியவில்லை. எங்கள் எதிர் வீட்டு விசில்காரரை எனக்குத் தெரியும். தனி ஆள். பேச்சு குறைவு. காலையில் விசிலடித்துக்கொண்டே படியிறங்குவார். முழங்கால் வலி இருந்தால் மெதுவான பாட்டு. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. தையல்காரி கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இதுக்குப் பேரு அன்பு இல்லடி, வேவு" என்றார்.

மார்ச் 9
வேவா? தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தானே இருக்கிறது?

மார்ச் 15
தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

காலையில் கதவைத் திறந்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். விசில்காரர் இறங்கினார். விசில் சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவரா? எழுந்து ஓடினேன், வாய் கோணுகிறதா என்று பார்க்க.

"சார், கொஞ்சம் சிரிங்க."

முறைத்தார். வாய் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. "உங்க வேலைய..." என்று ஆரம்பித்தார். மீதி குழறிப்போனது.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "விடு, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும். எதுக்கு வம்பு?" என்றார். விடுறதா? எப்படி விடுறது? கர்த்தாவே, நான் தப்பா இருந்தா ஊரே சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். விசில்காரர் என்னைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தார். படியின் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன்.

"திட்டுங்க சார். ஆனா உக்காந்து திட்டுங்க."

உட்கார்ந்தார். அவருடைய வலது கை என் மடியில் துணிபோலக் கிடந்தது. வண்டி வரும்வரை பிடித்துக்கொண்டு ஜெபித்தேன்.

மார்ச் 16
பக்கவாதமாம். டாக்டர் சொன்னார்: "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. தூங்கியிருந்தா கஷ்டம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"எதிர் வீடு" என்றேன், ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி. பெருமையாகத்தான் இருந்தது. கர்த்தர் மன்னிக்கட்டும் - இல்லை, இதில் மன்னிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 22
பேச்சு திரும்புகிறது. முதலில் கேட்டது, "என் சட்டைய யாரு கிழிச்சா?" ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் வெட்டினார்கள். புதுசு தைக்கிறேன்.

ஏப்ரல் 6
விசில்காரர் வீடு திரும்பிவிட்டார். ஊன்றுகோல் இருக்கிறது, ரோஷமும் குறையவில்லை.

இன்று வீட்டுக்காரர் வேலை முடிந்து வர நேரமானது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"கீழ் வீட்டுப் பொண்ணு கொஞ்ச நாளா வெளிய தலைகாட்டலையே, கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை.

"கதவத் தட்டிக் கேட்டேன். அவளுக்கும் குழந்தைக்கும் காய்ச்சல். நீ போய்க் கூட இரு, நான் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்கு முந்தி அவர் கவனித்திருக்கிறார். பின்னாலேயே இறங்கினேன், முகத்தைக் காட்டாமல். நான் சிரிப்பதைப் பார்த்தால் மனுஷன் ஒரு வாரத்துக்கு அலட்டிக்கொள்வார்.