வலது ஓரத்துக் கட்டம்

ராயபுரம்
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகன் சாவியோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையில் நீ மஸ்கட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, காலையில் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வருகிறார். எனக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் நான்கு நாளாக ஒரு நிலையில் இல்லை. எல்லாரும் நலம் என்று எழுதி நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். படிக்கும்போது நீ பதறாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கும் நைனா. என்னால் ஆகியிருக்கும்.

முதலில் என் கண் விஷயம், உன்னிடம் இதுவரை பாதிதான் சொல்லியிருக்கிறேன். கன்டெய்னர் யார்டில் கேட்டுக்குப் பக்கத்து ரூமில் இருக்கிற கம்ப்யூட்டரை நீ போன லீவில் பார்த்தாயே, இது என் வயசாம்மா என்று சிரித்தாயே, அதேதான் இன்னும் ஓடுகிறது. வெளிர் நீலத் திரையில் சாம்பல் நிற எழுத்து, அரிசி வண்டு அளவுக்கு. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நாலு எழுத்து ஏழு எண், அதில் மூன்றும் ஆறும் எட்டும் எனக்கு ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. என்னென்னவோ செய்து பார்த்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது, குறைத்தேன், எழுத்தையே காணோம். ஜன்னல் வெயில் திரையில் அடிக்கிறதென்று பழைய காலண்டர் அட்டையை வெட்டி மானிட்டர் தலையில் தொப்பி மாதிரி ஒட்டினேன், லாரி டிரைவர்கள் இன்னா மேடம் கம்பூட்டருக்கு வெயில் தாங்கலியா, ஒரு மோர் வாங்கி ஊத்து என்று கிண்டல் பண்ணினார்கள். என் மூக்குக்கண்ணாடியில் கீழ்ப்பாதியில்தான் கிட்டத்தில் பார்க்கிற பவர், அதனால் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. கண் டாக்டரிடம் போ போ என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், நான் டைம் இல்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தது முழுக்கப் பயத்தில்தான். சர்க்கரை வந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. கோயிலில் பாட்டு நம்பர் எழுதியிருக்கிற பலகையை வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன், மூன்று எண்ணில் நடு எண் மட்டும் இருக்காது, புகைபோட்ட மாதிரி ஒரு கறை இருக்கும். சாமியார் பிரசங்கம் முடிக்கிற வரைக்கும் அதையேதான் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டர் வாயால் அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம், ரிட்டயர் ஆக இருக்கிற இரண்டு வருஷத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு.

ஈஸ்டர் சமயத்தில் போனில் நீதான் ஒரு வழி சொன்னாய், கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு பிளஸ்ஸை இரண்டு தட்டு தட்டும்மா எழுத்து பெரிதாகும் என்று. ஓரத்தில் ஏதாவது வெட்டுப்படுகிறதா பார் என்றும் கேட்டாய், அன்றைக்கு எதுவும் வெட்டுப்படவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு, கண்ணே திரும்ப வந்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டேன். போகப்போக அதுவும் போதவில்லை, மூன்றாவது தட்டு, நாலாவது தட்டு என்று போய் இந்த மாதம் ஆறில் வந்து நின்றேன். நீ இரண்டு சொன்னாய், நான் ஆறு தட்டினேன், இதை நன்றாக மனசில் வைத்துக்கொள், நான் சொல்லிக்கொடுத்ததால்தான் என்று நீ அங்கே உட்கார்ந்து சோறு இறங்காமல் கிடக்கக் கூடாது. எழுத்து பெரிதானால் பக்கமும் அகலமாகிறது, திரை மட்டும் அதே திரை. வலது ஓரத்துக் கடைசிக் கட்டம் வெளியே போய்விட்டது. அடியில் இருக்கிற பட்டையைப் பிடித்து இழுத்தால்தான் அது தெரியும். ஆபத்தான சரக்கு என்றால் அந்தக் கட்டத்தில்தான் சிவப்பில் ஒரு எண் வரும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பெட்டி வந்தாலும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அப்படி இருக்கும், மற்றதுக்கெல்லாம் அது காலியாகவே கிடக்கும். எப்போதும் காலியாகக் கிடந்த இடம், அது காணாமல் போனதே எனக்குத் தெரியவில்லை.

என்னோடு கேட்டில் வேலை பார்க்கிற ஷரீஃபுன்னிசாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை, காலடிப்பேட்டைப் பெண், உன்னைவிட ஐந்து வயது சின்னவள், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். காலையில் யார் முதலில் வருகிறாளோ அவள் பேரில் திறப்போம், சாயங்காலம் வரை இரண்டு பேரும் அதே பேரில்தான் அடிப்போம், ஆள் மாறும்போதெல்லாம் மூடித் திறந்தால் வெளியே லாரி வரிசை மெயின் ரோட்டுக்குப் போய்விடும். இது தப்பென்று எங்களுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை அவள் பேரில் திறந்திருந்தது. மதியம் ஒன்று பத்துக்கு அவள் சாப்பிடப் போயிருந்தாள், நான் உட்கார்ந்திருந்தேன், ஒரு பெட்டி வந்தது, நம்பரைச் சரிபார்த்து சி வரிசைக்குச் சீட்டுக் கொடுத்தேன். அது தண்ணீர் பட்டால் புகைந்து பற்றிக்கொள்கிற சரக்கு, கடைசியில் கூரை போட்ட தனி வேலிக்குள் போயிருக்க வேண்டியது. சி வரிசை பள்ளம், சின்ன மழைக்கே கணுக்கால் தண்ணீர் நிற்கும். நாலு மணிக்குப் பிடித்தது பார் மழை, ஐந்தரைக்கெல்லாம் பெட்டிக் கதவின் இடுக்கில் வெள்ளையாகப் புகை வந்துவிட்டது. பெட்டி தூக்குகிற வண்டி ஓட்டுகிற கிருஷ்ணப்பன்தான் முதலில் பார்த்தவர். வண்டியிலிருந்து குதித்து, கிழிந்துபோன ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து, இத்த எவன்டா இங்க வச்சது, தண்ணி பட்டா பத்திக்கும்னு எயுதி கீது, எல்லாம் ஓடுங்கடா என்று கத்திக்கொண்டே அந்த வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த பதினாலு பேரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார். எல்லாரையும் அனுப்பிவிட்டு அவர் கேட் வரைக்கும்தான் வந்தார், என் ஜன்னலுக்கு நேரே வாந்தி எடுத்து விழுந்தார். தீயணைப்பு ஆட்கள் வந்து காய்ந்த மணலாகக் கொட்டி அடக்கினார்கள். கிருஷ்ணப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் வீட்டுக்கு விட்டார்கள், பேச ஆரம்பித்தால் இருமல் வருகிறதாம்.

புதன்கிழமை மேனேஜர் அந்தப் பெட்டிக்குச் சீட்டுக் கொடுத்த பதிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார், அதில் ஷரீஃபுன்னிசா பேர் இருந்தது. அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி, சனிக்கிழமை பதினொரு மணிக்கு எழுத்தில் விளக்கம் கொண்டுவரச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி சார் என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன் சாவியோ. என் வாய் திறக்கவே இல்லை. ஒன்று பத்துக்கு யார் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியாதா, ஆனால் எப்படி விட்டேன் என்று மட்டும் அப்போது புரியவில்லை. எல்லாரும் போனபிறகு எழுத்தைச் சின்னதாக்கி, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன், அந்தக் கட்டம் இருந்தது, சிவப்பு எண்ணும் இருந்தது. அதற்கப்புறமும் ஒரு முழு நாள் வாயைத் திறக்கவில்லை, உன் அம்மா அவ்வளவு கோழை.

நேற்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது காலடிப்பேட்டையில் இறங்கி அவள் வீட்டுக்குப் போனேன். சொல்ல ஆரம்பித்ததுமே, தெர்யும் ஆன்ட்டி என்றாள். நீங்க எய்ந்து போனப்பறம் டெய்லி எய்த்த சின்னதாக்குறது நான்தான, உங்களுக்குக் கண்ணு தெர்லன்னு எனக்கு அப்பவே தெர்யும் என்றாள். லாரி வரும்போதெல்லாம் அவள் நம்பரைச் சத்தம் போட்டுப் படிப்பாள், வாய் ஓயாத பெண் என்று நான் எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன், எனக்காகத்தான் படித்தாளாம். அப்புறம் சொல்கிறாள், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, உங்களுக்கு ரெண்டு வருசம்தான் கீது, கண்ணு தெர்லன்னு அனுப்பிட்டா இன்னா பண்ணுவீங்க, நா வேற எடம் பாத்துக்கினு போறேன், பேஜாரு வோணாம் என்று. அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா, அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ஒரு நிமிஷம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தேன். இந்த நாலு நாளில் நான் மிகவும் பயந்தது அந்தப் புகைக்கில்லை, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். வேற இடம் எங்கே கிடைக்கும் அவளுக்கு, பதினாலு பேரைச் சாகடிக்கப் பார்த்தவள் என்று பேர் எழுதிவிட்டால் எண்ணூர் வரைக்கும் எந்த யார்டுக்காரன் அவளைக் கேட்டில் உட்கார வைப்பான்.

அதனால் நாளைக்கு நான் போகிறேன். விளக்கத்தை நானே கையால் எழுதிவிட்டேன், ஒன்று பத்துக்கு உட்கார்ந்திருந்தது நான், கண் சரியில்லாததை மறைத்தது நான் என்று. அந்த ஆபத்துக் கட்டத்தை வலது ஓரத்திலிருந்து எடுத்து இடது பக்கம் முதலில் வையுங்கள், எழுத்தைக் கறுப்பாக்குங்கள், ஆளுக்கொரு பேரில் திறக்கச் செய்யுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன், கேட்பார்களோ மாட்டார்களோ. அப்பாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன். நானும் வரேன், நீ உள்ள போ, நா கேட்டாண்ட நின்னுகினு கீறேன் என்றார். வேலையை விட்டு அனுப்புவார்களா, கேஸ் போடுவார்களா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரி, அதை நினைத்தால் இதைவிடப் பயமாக இருக்கிறது.

நீயும் நாள் முழுக்க இரண்டு திரைக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறாய். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாதே, எழுத்தைப் பெரிதாக்கினால் ஓரம் வரைக்கும் இழுத்துப் பார், வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டு, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று பக்கத்தில் இருக்கிறவனிடம் வாய்விட்டுச் சொல். எதிர்வீட்டுத் தேவப்பிரியம் ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளம்புகிறாள், இந்தக் கடிதத்தோடு வாளைக் கருவாடு கொஞ்சம் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், வெயிலில் ஒருமுறை காட்டி வைத்துக்கொள். ஆண்டவர் உன் கண்ணுக்கும் கைக்கும் காவலாக இருக்கட்டும், மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இதையெல்லாம் ஏன் போனில் சொல்லவில்லை என்று கோபப்படாதே. நீ வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு பயம். இது உன் கைக்கு வரும்போது சனிக்கிழமை முடிந்திருக்கும்.

உன் அம்மா
சிலுவையம்மாள்