உன் அப்பாவுக்கு நான் அக்காவான கதை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால் அடுத்த வரியிலேயே அதை அடிக்க வேண்டிவரும், அதனால் பாதியை மட்டும் எழுதுகிறேன், நான் நலம்.

போன வருடம் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள் அல்லவா, அப்படி வைத்துக்கொண்டவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு நடத்துகிறார்கள், உன் அப்பா அங்கேயே குடிபோய்விட்டார். கொழுப்பு மாத்திரையால்தான் கால் வலி என்று அதில் ஒரு பேருந்து ஓட்டுநர் சொல்ல, இவர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. பார்த்தேன், 'மொட்டைமாடி' என்று ஒரு பெயரும் தொட்டிச்செடிப் படமும் வைத்துக்கொண்டு நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் என்றேன், அதில் பொய் இல்லையே. வலியை டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தலாமா என்று பொதுவாகத்தான் கேட்டேன், அப்பா மறுநாளே டாக்டரிடம் போய் நின்றார். டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார், கால் வலியும் போயிற்று. ஓட்டுநர் சொன்னதும் சரிதான் போலிருக்கிறது, ஆனால் நல்ல பெயரெல்லாம் மொட்டைமாடிக்கு. அந்தம்மா எவ்வளவு பக்குவமாப் பேசுறாங்க, நீயும் இருக்கியே என்று என்னிடமே சொல்கிறார். பிறகு தனியாகவும் எழுத ஆரம்பித்தார், அதுவும் அக்கா அக்கா என்று. கட்டின பெண்டாட்டியை அக்காவாக்கியவர் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான். அவர் கூடத்தில் உட்கார்ந்து எழுத, நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் படிப்பேன்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், இன்று மத்தியானம் வந்ததைப் படிக்கும் வரை. "அக்கா, மூணாவது மாடி ஏறினா நெஞ்சை இறுக்குது. வீட்ல சொல்லல. சொன்னா அவ கிண்டல் பண்றத நிறுத்திடுவா, அதை என்னால தாங்க முடியாது." லிப்ட் பழுது பார்ப்பதுதானே அவர் வேலை, லிப்ட் ஓடாத கட்டிடத்துக்குத்தானே கூப்பிடுவார்கள், எத்தனை மாடியில் இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ. நான்தான் அது என்று சொன்னால், மனசு திறந்து பேச அவருக்கு இருந்த ஒரு இடமும் போய்விடும். சொல்லாமல் இருந்தால் ஆளே போய்விடுவாரோ என்று பயம். இன்றைக்கே டாக்டரிடம் போங்கள், வீட்டில் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதினேன். சரி என்று ஒரு கட்டைவிரல் படம் வந்தது, மனுஷன் வரவில்லை. இரண்டு தடவை வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் வாயைத் திறக்காவிட்டால் போனை அவர் மடியில் போட்டுவிடப்போகிறேன், அக்காவும் வேண்டாம் தம்பியும் வேண்டாம்.

இதோ வந்துவிட்டார். சட்டை மாற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடியே, நீயும் கொஞ்சம் கூட வாயேன் என்கிறார். எங்கே என்று கேட்டிருக்க வேண்டும், நான் பாட்டுக்குப் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். பையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்க்கிறார்.

நீ நன்றாக இரு, நூறு வயது இரு. பதறிப்போய் அவருக்குப் போன் போடாதே, ஆஸ்பத்திரியிலிருந்து நானே பேசுகிறேன். உனக்கு உடம்புக்கு எதுவென்றாலும் எந்தக் குழுவில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அன்றைக்கே எனக்கும் சொல்.

செருப்பு மாட்டிக்கொண்டே எழுதும்,
உன் அம்மா