நான் வெள்ளை அடித்த சுவர்

புளத்கொகுபிட்டிய
11.02.2025

அன்பு மகள் அனோஜாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அம்மாவும் நானும் உடம்புக்கு நலம், பஹ்ரேன் வெயிலில் நீ நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம்.

நம் தோட்டத்து நாடகக் கொட்டகையை இடித்து, உல்லாச விடுதிக்கு வாகனம் நிறுத்த இடம் கொடுக்கப்போகிறார்களாம். ரப்பருக்குப் புகை போட்ட பழைய கூடம் அது, என் தாத்தா காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு வாங்கி மேடை கட்டிப் பெரிய வெள்ளிக்கு இயேசுவின் திருப்பாடுகள் நாடகம் போட்டது உனக்குத் தெரிந்ததுதான். நடித்தவர்கள் எல்லாரும் புகையில் கறுத்த பின்சுவரில் சுண்ணாம்பால் பெயரும் வருடமும் எழுதினார்கள், 1938 தான் முதல். ஆம்பிளைகளே சேலை கட்டி மாதாவாக நடித்த மேடையில் முதல் பெண்ணாக ஏறியவள் உன் அம்மா, பிலோமினம்மா 1986 என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள். பழைய கட்டடம் என்பதற்கு அத்தாட்சி இருந்தால் காப்பாற்றலாம் என்று பங்குச்சாமியார் சொல்லி, கொழும்பிலிருந்து தொல்பொருள் இலாகா அதிகாரி மாத்தயா ஒருவர் பார்க்க வந்தார். பெரிய ஆள் வந்தால் லயத்து வரிசை வீடுகளுக்கு வெள்ளை அடித்துத்தானே நமக்குப் பழக்கம். நான்தான் மடையன் மாதிரி முதல்நாளே இரண்டு வாளி சுண்ணாம்பு கரைத்து உள்ளும் புறமும் பூசிவிட்டேன், அந்தச் சுவரையும் சேர்த்து. மாத்தயா சுற்றிப் பார்த்துவிட்டு, எழுத்து எங்கே என்று சிங்களத்தில் கேட்டபோதுதான் எனக்கு உயிரே போனது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், பெயர்களும் சேர்ந்து வந்துவிட்டன. வேறு அத்தாட்சி இருந்தால் அடுத்த மாத முடிவுக்குள் காட்டச் சொல்லிப் போனார்.

அம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அந்த மூலைய மட்டுமாவது விட்டிருக்கலாமேங்க என்று ஒரே தடவை கேட்டாள். நேற்று கொட்டகைக்குப் போனால், புது வெள்ளையில் அதே இடத்தில் அடுப்புக்கரியால் பெயரையும் வருடத்தையும் மறுபடி எழுதி வைத்திருக்கிறாள். மாத்தயா கண்டால் கள்ள வேலை என்று நாம் காட்டும் மற்ற அத்தாட்சியையும் நம்பமாட்டார். அழிக்கத்தான் துணியோடு நின்றேன், கை வரவில்லை மகள்.

நீ எருசலேம் பெண்ணாக நடித்த வருடம் அந்தச் சுவர் முன்னால் எடுத்த போட்டோவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாயே, அதைத் தேடி உடனே அனுப்பு. உன் பின்னால் எத்தனை பெயர் தெரிகிறதோ அத்தனைதான் மிச்சம். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உன்னை எந்தக் குறையுமில்லாமல் காக்கட்டும். போட்டோவில் அம்மாவின் பெயர் உன் தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தால், அதை மட்டும் அவளிடம் சொல்லாதே.

உன் அப்பா
லோரன்ஸ்