ரொட்டிப் பையின் கனம்

அன்புள்ளவளே,

துனிஸில் மகள் வீடு உனக்கு வசதியாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஸ்ஃபாக்ஸில் நான் நலம்.

நேற்று கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். தெருவில் எவ்வளவு ரொட்டி வீணாகிறது என்று ஆராய்கிறார்கள். குப்பையில் சேரக்கூடாதென்று நாம் வாசலில் மாட்டிவைக்கும் காய்ந்த ரொட்டிப் பையை எடைபோட்டு, படமும் எடுத்தார்கள். படத்தின் கீழே வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக் கண்காட்சி வைப்பார்களாம்.

ரிஹாப் என்ற பெண் சிரித்தாள். "உஸ்தாத், தெருவிலேயே உங்க பைதான் கனம்! வீட்ல கல்யாணமா? எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர்தாம்மா" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.

ரொட்டிக்கடை மொங்கியை உனக்குத் தெரியும். என் தலையைக் கண்டதும், "வீட்ல சௌக்கியமா உஸ்தாத்?" என்று கேட்டபடியே பழையபடி மூன்று ரொட்டிகளை நீட்டிவிடுகிறார். ஒன்று போதும் என்றால் ஏன் என்று கேட்பார்; நீ போய்விட்டதைச் சொல்ல வேண்டிவரும். பேசாமல் வாங்கி வந்துவிடுகிறேன்.

ஆராய்ச்சியில் பொய்த் தகவல் கொடுத்தது உறுத்துகிறது. திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லும்படி ரிஹாப் சொல்லிப்போனாள். இரண்டை ஒன்றாக்கச் சொல்லட்டுமா, அப்படியே விடட்டுமா? எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. நீ சொல்.

உன் வீட்டுக்காரன்