நடுவில் வைத்த சிவப்பு

போர்வை தைப்பதற்காகத் தரையில் பரப்பியிருந்த துணிச் சதுரங்களுக்கு நடுவே புதிதாகச் சிவப்புத் துண்டுகளைக் கண்டதும் செலின் மேரி ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தாள். அவள் கல்யாணப் புடவை! வெட்டிய கணவன் கில்பர்ட் வயலுக்குப் போய்விட்டிருந்தான். அவனுக்கு ஒரு சீட்டு எழுதினாள்:

“இன்னாயா இப்படிப் பண்ணிட்ட? செவப்புத் துணி இல்லன்னு நேத்து கத்துனதுக்கு, இதயா வெட்டுவ? எந்தப் பொடவைன்னுகூடத் தெரியலியா ஒனக்கு? அப்படியே ஒக்காந்துட்டேன். பாகூர் சந்தைக்குப் போறேன். மீன் கொழம்பு உறியில இருக்குது. சாவி பக்கத்து வூட்டு தனக்கொடி அக்காகிட்ட.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“சதுரம் நேராத்தான் வெட்டியிருக்க. போர்வைக்கு நடுவுல வெக்கிறேன். மிச்சத்துல பாப்பாவுக்குப் பாவாடை தெக்கலாம். பக்கத்துல வெக்க வெள்ளத் துணி வேணும். பொட்டியில இருக்கிற உன் கல்யாணச் சட்டைய எடுத்து வையி. நானே வெட்டிக்கிறேன்.”